பெயர்க்காமல் போடும் தரை

கேரவன் என்றால் நமக்குப் படப்பிடிப்புக்கு வரும் நடிகர்களின் வண்டிதான் நினைவுக்கு வரும். இப்போது சாதாரண ஆட்களும் பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். கோவையில் இருக்கும் என் அக்கா மகனும் ஒன்று வாங்கியிருக்கிறான். போன மாதம் போன் செய்து, "மாமா, தரை அங்கங்கே அமுங்குது. பழைய பலகை மேலேயே வினைல் ஷீட் ஒட்டிடலாமா?" என்று கேட்டான். "முதல்ல எல்லாத்தையும் பெயர்த்துப் போடு, அப்புறம் பேசு" என்றேன். பெயர்த்தான். கதவோரப் பலகை ஊறிப்போய்க் கையோடு வந்தது. அடியில் இரண்டு இடத்தில் இரும்புக் குறுக்குச் சட்டம் துருவேறி ஏடு ஏடாக உரிந்திருந்தது. சட்டத்தை வெட்டிப் புதிதாக வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு அடித்து, புதுப் பலகை போட்டு முடிக்க ஒன்பது நாள் ஆனது.

இரண்டு பேர் உல்லாசமாகப் போகும் வண்டிக்கு இவ்வளவு செய்கிறோம். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறும் பஸ்ஸுக்கு ஏன் செய்வதில்லை?

நான் ஒரு பணிமனையில் பாடி செக்‌ஷனில் முப்பத்தோரு வருடம் தச்சு வேலை பார்த்தவன். பஸ் தரையை மேலிருந்து பார்த்து எடை போடவே முடியாது. எங்கள் சேரங்கோடு பக்கம் ஜூனில் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை விடாது. தமிழ்நாட்டு மழைக் கணக்கில் தேவாலா, பந்தலூர் பெயர்கள் முன்னால் வருவதைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். தோட்டத்துக்குப் போகிறவர்களின் குடை, சாக்கு, சேற்றுக் கால் எல்லாம் சேர்ந்து உள்ளே தண்ணீர் நிற்கும். கீழே பின்சக்கரம் சேற்றை வாரி அடிக்கும். மரைன் பிளைவுட்டே போட்டாலும், அறுத்த ஓரத்துக்கும் ஸ்குரூ ஓட்டைக்கும் பெயின்ட் பூசி அடைக்காவிட்டால் அந்த வழியாகத் தண்ணீரைக் குடிக்கும். பலகை முதலில் உளுத்துப் போவது நடுவழியில் அல்ல. வீல் பாக்ஸ் ஓரத்திலும், படிக்கட்டுப் பக்கத்திலும், யாரும் குனிந்து பார்க்காத கடைசி சீட்டின் அடியிலும்தான்.

அப்போது என்ன செய்கிறார்கள்? மேலே ஒரு அலுமினியத் தகட்டை வைத்து ரிவெட் அடித்துவிடுகிறார்கள். பளபளவென்று இருக்கும். ஊறிய பலகை இனிமேல் காயவே காயாது என்பதைத் தவிர வேறு குறையில்லை! தகட்டுக்கு மேலே நடந்தால் உறுதியாகத் தெரியும், அடியில் தாங்க ஒன்றும் இருக்காது. இதற்கு ஒட்டுப் போடுவது என்று பெயர் வைத்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். பதிவேட்டில் 'தரை மாற்றப்பட்டது' என்று எழுதுவதைத்தான் என்னால் ஜீரணிக்க முடிந்ததில்லை. அப்படி எழுதிய தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு மேலதிகாரியிடம் சொல்லி, மூன்று மாதம் டயர் செக்‌ஷனில் கிடந்தேன்.

2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளி பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று விழுந்து, அதே வண்டியின் சக்கரத்தில் சிக்கி இறந்தது. எப்.சி. வாங்கிச் சில வாரங்களே ஆன வண்டி அது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வருடமே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. நல்லது. ஆனால் 2024 பிப்ரவரியில் சென்னையில் வள்ளலார் நகரிலிருந்து திருவேற்காடு போன 59ஆம் எண் மாநகர பஸ்ஸில், பின்சீட்டுப் பக்கம் பலகை உடைந்து ஒரு பெண் ஓடும் வண்டியிலேயே கீழே தொங்கினார். பயணிகள் கூச்சல் போட்டு வண்டியை நிறுத்தியதால் பிழைத்தார். ஊழியர்கள் சிலரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த வண்டியில் யார் தவறு என்பது விசாரித்தவர்களுக்குத் தெரியும். பொதுவாக ஒன்று கேட்கிறேன்: தச்சனுக்குப் பலகையும் கொடுக்காமல், வண்டியை ஒரு வாரம் நிறுத்தவும் விடாமல், உடைந்த பிறகு தச்சனைப் பிடிப்பது என்ன நியாயம்?

"வண்டியை நிறுத்தினால் ட்ரிப் போய்விடும், மக்கள்தான் கஷ்டப்படுவார்கள்" என்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ட்ரிப் நின்றால் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? பள்ளிப் பிள்ளைகள் நடந்துதான் போக வேண்டும், அதுவும் யானை நடமாடும் பாதையில். அதனால்தான் மாற்று வண்டி வேண்டும் என்கிறேன். மழைக்கு முன்னால் ஏப்ரல், மே மாதங்களில், பள்ளி விடுமுறையில் முறை வைத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தால் முடியாதா என்ன? இன்ஜினை இறக்குவதற்கு வண்டியை நிறுத்துகிறார்களே, அப்போது ட்ரிப் போகவில்லையா? இன்ஜின் நின்றால் வசூல் நிற்கும். தரை உளுத்தால் வசூல் நிற்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

புது வண்டிக்குக் கூண்டு கட்ட ஏ.ஐ.எஸ். 052 என்று விதித்தொகுப்பு இருக்கிறது. கரூரில் கட்டி வெளியே வரும் வண்டியில் தரை நன்றாகத்தான் இருக்கும். பத்தாவது மழைக்காலத்தில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியது எப்.சி. நாளில்தான். எட்டு வருடம் தாண்டிய வண்டி வருடா வருடம் எப்.சி.க்கு நிற்கிறது. அன்றைக்கு ஆய்வாளர் ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போகட்டும். பலகையைத் தட்டினால் 'டொக்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்றால் முனையால் குத்திப் பார்க்கட்டும். தகடு அடித்த இடத்தில் தகட்டைக் கழற்றச் சொல்லட்டும். முழுத்தரையும் பெயர்த்துப் போட்ட மாதமும் வருடமும் படிக்கட்டுக்கு மேலே பெயின்ட்டில் எழுதியிருக்க வேண்டும், ஏறுகிறவர்கள் படிக்கிற மாதிரி. கடைசி சீட்டுக்கு அடியில் பார்க்கச் சீட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது என்றால், கழற்றட்டும். நாலு போல்ட்தான்.