விலைக்கு வந்ததும் வீட்டில் இருந்ததும்

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கால்பந்துக் கழகத்தின் பழைய ரசிகர்கள், பிரையன் க்ளஃப் மானேஜராக இருந்த காலத்தை ஸ்மரிக்கும்போதெல்லாம், பிரிட்டனின் முதல் பத்து லட்சம் பவுன் ஆட்டக்காரர் என்ற கியாதியோடு 1979-இல் பர்மிங்ஹாமிலிருந்து வந்து, அவ்வாண்டே மியூனிக்கில் மால்மோவுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தின் ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்ட ட்ரெவர் பிரான்சிஸை முதலில் பிரஸ்தாபிப்பது இயல்பே. ஆயினும், அந்தப் பந்தை இடப்புறத்திலிருந்து அனுப்பியவரும், மறு ஆண்டு மாட்ரிட்டில் ஹாம்பர்க்கை வீழ்த்திய கோலைப் போட்டவரும், க்ளஃப் வருவதற்கு முன்பே அங்கே கவனிப்பாரின்றி இருந்த ஜான் ராபர்ட்சன்தான் என்பதை எண்ணுகையில், பிறர் தோட்டத்துக் கனியைப் பணம் கொடுத்துப் பெறுவதைக் காட்டிலும், தன் கொல்லையில் வாடிய செடிக்கு நீர் வார்ப்பதே உத்தமமான சாமர்த்தியம் என்று எனக்குத் தோன்றுகிறது.