ஒரு கை பருமன், ஒரு கை ஒல்லி... எந்தக் கையைக் கவனிக்க வேண்டும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வெளியே வருபவர்களின் கைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஃபவுண்டரியில் கிரைண்டர் பிடிப்பவர், ரோலிங் மில்லில் கம்பியை இழுப்பவர், நாள் முழுக்க ஸ்பேனர் திருகுபவர் எனப் பலருக்கும் வலது முன்கை இடது கையைவிடத் திரண்டிருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டால் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தொளதொளவென்றும் நிற்கும். திருவள்ளூரில் மாலை நேரத்தில் ஜிம்முக்குப் போகும் இளைஞர்களுக்கும் இதே கவலைதான். கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளையும் மடக்கிப் பார்த்துவிட்டு, 'இதைச் சரிசெய்ய முடியுமா?' என்று கேட்கிறார்கள்.

பெரும்பாலும் முடியும். ஆனால், டம்பெல்லைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். ஒரு கை பெருத்திருக்கிறதா, அல்லது இன்னொரு கை இளைத்திருக்கிறதா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவதற்கு உடற்பயிற்சி போதும். இரண்டாவதற்கு டாக்டர் வேண்டும்.

உழைக்கும் கை திரள்வது இயல்பு

அதிகமாக உழைக்கும் தசை வளரும். இது உடலின் சாதாரண விதி. 1962-லும் 1969-லும் ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் வென்ற ஆஸ்திரேலிய டென்னிஸ் வீரர் ராட் லேவர், இடது கை ஆட்டக்காரர். அவருடைய இடது முன்கை, வலது முன்கையைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பருமனாக இருந்தது. தசை மட்டுமல்ல, எலும்பும் இப்படித்தான். 84 தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 1977-ல் வெளியான ஆய்வில், மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர், மறு கையைவிட ஆண்களுக்குச் சுமார் 35 சதவிகிதமும் பெண்களுக்குச் சுமார் 28 சதவிகிதமும் தடித்திருந்தது தெரியவந்தது.

சுத்தியலும் மட்டையும் உடலுக்கு ஒன்றுதான். எனவே, வேலை செய்யும் கை சற்றுப் பருமனாக இருந்து, இரண்டு கைகளிலும் பிடி உறுதியாக, உணர்வு சரியாக, வலியில்லாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

டேப் வைத்து அளந்து பாருங்கள்

கண்ணாடி ஏமாற்றும், டேப் ஏமாற்றாது. தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்த இடத்தில் சுற்றளவை எடுங்கள். மறு கையிலும் அதே இடத்தில் எடுக்க வேண்டும். முன்கையையும் இப்படியே அளக்கலாம். காலையில், வேலைக்குப் போவதற்கு முன் அளப்பது நல்லது.

அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் ஏராளமானவர்களுக்கு உண்டு. வித்தியாசம் 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

இளைக்கும் கையின் அறிகுறிகள்

அளவைவிட முக்கியமானது, கை என்ன செய்ய மறுக்கிறது என்பது. சட்டை பட்டன் போட, சாவி திருப்ப, பாட்டில் மூடி திறக்கச் சிரமமாக இருக்கிறதா? கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருக்கிறதா? விரல்களுக்கு நடுவே ஒரு காகிதத்தை இறுக்கிப் பிடித்தால், யாராவது இழுத்ததும் உருவிக்கொண்டு வந்துவிடுகிறதா? இவையெல்லாம் நரம்பு தரும் எச்சரிக்கைகளாக இருக்கலாம்.

15 முதல் 25 வயதுக்குள், பெரும்பாலும் ஆண்களுக்கு, ஒரு முன்கையும் உள்ளங்கையும் மெல்ல மெல்ல இளைக்கும் நோய் ஒன்று உண்டு. வலி இருக்காது. குளிரில் விரல்கள் மேலும் வலுவிழக்கும். ஜப்பானிய நரம்பியல் மருத்துவர் ஹிராயாமா 1959-ல் இதை விவரித்ததால், அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஒரு கையோ ஒரு காலோ மட்டும் இளைக்கும் இளைஞர்களைப் பற்றி, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1984-ல் எழுதினார்கள். ஹிராயாமா நோயில், கழுத்தை முன்னால் குனியும்போது தண்டுவடம் அழுத்தப்படுகிறது. சில ஆண்டுகள் வளர்ந்துவிட்டு நோய் தானாகவே நின்றுவிடுவதுண்டு. ஆனால், அதற்குள் இழந்த தசை முழுமையாகத் திரும்புவது அரிது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துக் கழுத்துப்பட்டை அணிந்தால் இழப்பைக் குறைக்க வாய்ப்பு உண்டு.

நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு நோய் இருக்கிறது. கை கால்கள் ஏறுக்குமாறாக இளைப்பதுடன், முகத் தசை தளர்ந்து, காதும் மந்தமாகும் அரிய நரம்பு நோய் அது. இளம் வயதினரிடம் கண்ட இதைச் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-ல் பதிவு செய்தார்கள். மருத்துவ உலகில் அதற்கு 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே பெயர்.

இவை அரிதானவை. இவற்றைவிட அதிகம் காணப்படுவது, மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கும், அதிரும் கருவிகளைப் பிடிப்பவர்களுக்கும் இது வரலாம். இரவில் விரல்கள் மரத்துப்போய்த் தூக்கம் கலையும். கவனிக்காவிட்டால் கட்டை விரலின் அடிச்சதை வற்றும். தோலில் உணர்ச்சியற்ற, நிறம் வெளிறிய படையும் கை இளைப்பும் சேர்ந்து இருந்தால், அது தொழுநோயாகவும் இருக்கலாம். அதற்குக் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், முழுமையாகக் குணமாகும்.

ஒரு கை திடீரென்று வீங்கி, கனத்து, நீலம் பாய்ந்தால் அது தசை அல்ல. ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரிசெய்வது எப்படி?

நரம்புக் கோளாறு இல்லை என்பது உறுதியானால் பயிற்சி எளிது. இரண்டு கைகளாலும் ஒரே கம்பியைத் தூக்கும்போது, வலுவான கை சுமையை வாங்கிக்கொள்ளும். அதனால் கைக்கு ஒன்றாகத் தனித்தனி டம்பெல் எடுங்கள். டம்பெல் இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டில் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ.

எப்போதும் மெலிந்த கையில் தொடங்குங்கள். அந்தக் கை 10 முறை தூக்கினால், வலுவான கையும் அதே எடையை 10 முறைதான் தூக்க வேண்டும். இன்னும் முடியும் என்றாலும் நிறுத்திவிடுங்கள். 8 முதல் 12 முறை வரை ஒரு சுற்று. இரண்டு மூன்று சுற்றுகள். வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் போதும். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். மெலிந்த கைக்குக் கூடுதலாக ஒரு சுற்று தரலாம், அதற்கு மேல் வேண்டாம்.

'வலுவான கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டால் இரண்டும் சமமாகிவிடுமே' என்று நினைக்க வேண்டாம். ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் மறு கையின் வலிமையும் ஓரளவு கூடும் என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1894-லேயே கண்டறிந்தார்கள். கையில் மாவுக்கட்டு போட்டிருப்பவர்களுக்கு, நல்ல கைக்குப் பயிற்சி தருவது இந்த அடிப்படையில்தான். கட்டுப் பிரித்ததும் கை குச்சியாக இருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். பிசியோதெரபியில் படிப்படியாகத் தேறும்.

முதல் சில வாரங்களில் வலிமை கூடும், அளவு கூடாது. டேப்பில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் சுமார் 50 கிராம் புரதம் தேவை. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், வேர்க்கடலை என வீட்டுச் சாப்பாட்டிலேயே அது கிடைக்கும். 'சீக்கிரம் ஏறும்' என்று யாராவது ஊசி போடச் சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மெஷினில் கை மாற்ற வேண்டாம்

தண்ணீர்க் குடம், சாப்பாட்டுப் பை, காய்கறிக் கூடை ஆகியவற்றைக் கை மாற்றித் தூக்கலாம். ஆனால், கைகள் சமமாக வேண்டும் என்பதற்காக கிரைண்டரையோ கட்டிங் மெஷினையோ பழக்கமில்லாத கையில் பிடிக்கவே கூடாது. சில மில்லிமீட்டர் தசைக்காக விரலைப் பணயம் வைப்பதாகிவிடும்.

சந்தேகம் இருந்தால், இஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள் முதலில் அருகிலுள்ள இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டலாம். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால், சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. நரம்பியல் பிரிவு அங்கே இருக்கிறது. வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். இளைக்கும் கை பெரும்பாலும் வலிக்காது.