கையேடு தனியாக வரும்

வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைகள் லினக்ஸ் சர்வரில் ‘மேன் 3 பிரிண்ட்எஃப்’ என்று அடித்து, அப்படி ஒரு கையேடே இல்லை என்ற பதிலைப் பார்த்துத் திகைப்பது உண்டு. கம்பைலர் ஓடுகிறது, எழுதிய நிரல் ஓடுகிறது, கையேடு மட்டும் எங்கே? சர்வரில் பழுது எதுவும் இல்லை. கையேட்டை யாரும் ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

டெபியனிலும், அதை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவிலும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் ஏற்பாடு ஒன்றுதான். மென்பொருள் ஒரு பேக்கேஜ். அதன் விரிவான விளக்கம் பெரும்பாலும் வேறொரு பேக்கேஜ். சி மொழி ஃபங்ஷன்களின் கையேடு ‘மேன்பேஜஸ்-டெவ்’ என்ற பெயரில் இருக்கிறது. ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் மேன்பேஜஸ்-டெவ்’ என்றால் வந்துவிடும். பிறகு ‘மேன் 3 பிரிண்ட்எஃப்’ என்று அடிக்கும்போது நடுவில் உள்ள 3 என்ற எண்ணை விட்டுவிடக் கூடாது; விட்டால் அதே பெயருள்ள ஷெல் கட்டளையின் பக்கம்தான் திறக்கும். 1 கட்டளைகளுக்கு, 2 கெர்னல் அழைப்புகளுக்கு, 3 நூலக ஃபங்ஷன்களுக்கு என்ற இந்த வரிசை 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இருந்தது.

கையேடு ஏன் தானாக வருவதில்லை? ஒரு பேக்கேஜ் மற்றொன்றைக் கட்டாயம் கேட்கலாம், பரிந்துரைக்கலாம், அல்லது யோசனையாக மட்டும் சொல்லலாம். முதல் இரண்டும் தாமாக வரும்; மூன்றாவது வராது. விளக்கப் பேக்கேஜ்கள் பெரும்பாலும் மூன்றாவது வகை. இடத்தை மிச்சப்படுத்தப் பரிந்துரையையும் நிறுத்திவைப்பது பல சர்வர்களில் வழக்கம். ‘ஏபிடி ஷோ’ காட்டும் விவரத்தில் ‘சஜஸ்ட்ஸ்’ என்ற வரியைப் படித்தால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரியும்.

இதைவிடக் குழப்பமான நிலை ஒன்று உண்டு. பேக்கேஜ் ஏறியிருக்கிறது, ‘டிபிகேஜி -எல்’ (பெரிய எழுத்து எல்) கோப்புகளைப் பட்டியலிடுகிறது, ஆனால் போய்ப் பார்த்தால் கோப்பு இல்லை. டாக்கருக்கான சுருக்கப்பட்ட இமேஜ்களில் இப்படித்தான் இருக்கும். கையேடுகளை எழுதாதே என்று டிபிகேஜியின் அமைப்புக் கோப்பில் ‘பாத்-எக்ஸ்க்ளூட்’ வரிகளைப் போட்டிருப்பார்கள். உரிமக் கோப்பை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்த வரிகளை எடுத்துவிட்டு, ‘--ரீஇன்ஸ்டால்’ சேர்த்து மறுபடி ஏற்ற வேண்டும். உபுண்டுவில் இதற்கென்றே ‘அன்மினிமைஸ்’ என்ற கட்டளை இருக்கிறது.

ஜிசிசி கம்பைலரின் கையேடு டெபியனில் கிடைக்கவில்லை என்றால் காரணம் வேறு. மாற்றக் கூடாத பகுதிகள் கொண்ட ஆவணங்கள் சுதந்திரமானவை அல்ல என்று டெபியன் 2006-ல் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தது. ஜிசிசி கையேட்டில் அத்தகைய பகுதிகள் இருப்பதால் அது ‘நான்-ஃப்ரீ’ பிரிவில் இருக்கிறது; அந்தப் பிரிவைச் சேர்த்த பிறகே கிடைக்கும்.

இணையத்தில்தான் எல்லாம் இருக்கிறதே என்று கேட்கலாம். டெபியன் 12-ல் உள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 15-ஆம் பதிப்பு. தேடினால் முதலில் கிடைக்கும் விளக்கம் வேறு பதிப்புக்கானதாக இருக்கலாம். அதில் சொன்ன வசதி நம் சர்வரில் இல்லாமல் போகலாம். ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-டாக்-15’ என்ற கையேட்டுப் பேக்கேஜ் நம் சர்வரில் ஓடுவதைப் பற்றி மட்டுமே பேசும். படிக்கிற பிள்ளைக்கு இந்த உறுதி பெரிய உதவி. அதனால் கல்லூரி ஆய்வகங்களில் கையேட்டுப் பேக்கேஜ்களைக் கட்டாயம் ஏற்ற வேண்டும் என்பேன்.

எல்லாக் கணினியிலும் ஏற்ற முடியாவிட்டால் ஒரு சர்வரில் போதும். ‘டிடபிள்யூடபிள்யூடபிள்யூ’ என்ற பேக்கேஜ் அங்குள்ள கையேடுகளை பிரவுசரில் படிக்கும்படி தரும். இணைய இணைப்பு போனாலும் ஆய்வகத்துக்குள் அது வேலை செய்யும். வெளியிலிருந்து யாரும் அதைத் திறக்க முடியாதபடி, கல்லூரி நெட்வொர்க் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.