மொதல்ல செலவு, அப்புறம் ஹியூரிஸ்டிக்

'எந்த ஹியூரிஸ்டிக் போட்டா பிளானர் வேகமா ஓடும்?' பிளானிங் மென்பொருள் பக்கம் வர்றவங்க மொதல்ல கேக்கறது இதைத்தானுங்க. என்னைக் கேட்டா இது ரெண்டாவது கேள்வி.

ஹியூரிஸ்டிக்னா பெரிய மந்திரம் இல்லீங்க. இன்னும் எவ்வளவு செலவு பாக்கின்னு ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான். கோவையில இருந்து ஊட்டிக்கு மேப்புல ஸ்கேல் வெச்சு அளந்தா 50 கிலோமீட்டர் சொச்சம். குன்னூர் வழியா ரோட்டுல போனா 85 வாக்குல. நேர்கோடு ஒருநாளும் ரோட்டைவிட அதிகமா வராது. இப்படிக் கூட்டிச் சொல்லாத மதிப்பை 1968-ல வந்த ஏ-ஸ்டார் தேடலுக்குக் குடுத்தா, கிடைக்கற வழிதான் ஆகச் சிக்கனம். உத்தரவாதம்.

மால்டே ஹெல்மெர்ட் ஆரம்பிச்ச 'ஃபாஸ்ட் டவுன்வேர்ட்'ல இதெல்லாம் ஆப்ஷனாவே இருக்கு. ஏ-ஸ்டாரோட எல்எம்-கட் போட்டா உத்தரவாதம் உண்டு. ஆனா பெரிய கணக்குல திணறும். எஃப்எஃப் போட்டா உத்தரவாதம் போச்சு, அது சிலசமயம் கூட்டிச் சொல்லிடும். லாமா-ஃபர்ஸ்ட் பெரும்பாலும் சட்டுனு ஒரு விடை தரும். ஆனா செலவைப் பாக்காது, எல்லாப் படியும் ஒண்ணுதான் அதுக்கு.

இங்கதான் நம்மூரு விசயம் வருது. திருப்பூர் சாயப்பட்டறைக்கு அட்டவணை போடறீங்கன்னு வெச்சுக்கோங்க. கருப்பு ஓட்டின மெசின்ல அடுத்து வெளிர் நிறம் ஓட்டோணும்னா நல்லாக் கழுவோணும். கழுவறது 1 படி. துணியை வண்டியில ஏத்தி, காலியா இருக்கற பக்கத்து மெசினுக்குத் தள்ளறது 2 படி. படியை மட்டும் எண்ணினா கழுவறதுதான் 'லாபம்'! அந்தத் தண்ணி யார் கணக்குல? நொய்யல் வழக்குல 2011 ஜனவரியில உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதை மறந்துட்டமா?

அதனால, மொதல்ல ஒவ்வொரு வேலைக்கும் செலவை எழுதுங்க. 'மொத்தச் செலவைக் குறை'ங்கற வரியையும் சேருங்க. அது இல்லாட்டி எந்த ஆப்ஷன் போட்டாலும் படிதான் எண்ணும். அப்புறம், சின்னக் கணக்குக்கு எல்எம்-கட். பெருசுக்கு முழு லாமா. மொதல்ல ஒரு விடை குடுத்துட்டு, நேரம் இருக்கற வரைக்கும் செலவைக் குறைச்சுட்டே போகும்.

'காலைல ஷிப்டுக்கு ஏதோ ஒரு பிளான் வேணுமே'ம்பீங்க. நியாயந்தான், லாமா-ஃபர்ஸ்டையே ஓட்டுங்க. ஆனா அந்த விடையை 'இதுக்கு மேல சிக்கனம் கெடையாது'ன்னு மொதலாளிகிட்ட நீட்டாதீங்க.

எந்தக் கழுவலுக்கு எத்தனை லிட்டர்னு டையிங் மாஸ்டருக்குத் தெரியும். ஆப்ஷனைத் தட்டறதுக்கு முன்னால அவரை ஒருக்கா கேட்டுருங்க.