பத்தாயிரம் ரூபாய்க் கதை

"கிரண் மஜும்தார் ஷா 1978இல் பெங்களூரில் ஒரு கார் ஷெட்டில், 10,000 ரூபாயோடு பயோகானைத் தொடங்கினார், நம் போடிநாயக்கனூர் இளைஞர்களுக்குத் துணிச்சல்தான் இல்லை" என்கிறார் நண்பர். பாதிக் கதையைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டார். கிரணின் அப்பா யுனைடெட் புரூவரீஸில் பீர் தயாரிப்புத் தலைவர். மகளும் ஆஸ்திரேலியா போய் அதையே படித்தார். பெண் என்று இந்தியாவில் வேலை தர மறுத்தார்கள். (அங்கே அவருக்குத் துணிச்சல் தேவைப்பட்டது, அதை நான் மறுக்கவில்லை.) பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த பப்பைன் நொதியை விற்க அயர்லாந்துக் கூட்டாளி தொடக்கத்திலேயே கூட இருந்தார். சரக்குக்குச் சந்தை முதலிலேயே இருந்தது, அதுதான் விஷயம்.

இனி போடியை ஒட்டிய ஏலக்காய் மலைக்கு வருவோம். கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தந்த ஞள்ளானி ரகம்தான் இன்று ஏலக்காய்த் தோட்டங்களில் பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் ஏலச்செடியைத் தூரிலிருந்து பிரித்து நடலாம்; ஒரு கன்று பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால் போதும், அப்புறம் யாரிடம் காசு கேட்பது? கட்டே என்னும் வைரஸ் நோய் இல்லாத திசு வளர்ப்புக் கன்றை விற்கலாமே என்பார் நண்பர். சும்மா கிடைக்கும் தூர்க்கன்றோடு அது விலையில் மோத வேண்டும். காயை 8 மி.மீ. சல்லடையில் சலித்து, பச்சை நிறம் பார்த்து விலை சொல்கிற சந்தை இது. கன்றின் ஆரோக்கியத்துக்கு இங்கே யார் விலை வைப்பது?