சலூன் போஸ்டர் ஏன் நீலமாகிறது?

பழைய சலூன்களின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஹேர்ஸ்டைல் போஸ்டரைக் கவனித்திருக்கிறீர்களா? முடி நீலம், முகம் நீலம், சட்டையும் நீலம். அச்சாகி வந்த அன்று அப்படி இல்லை. பல வருட வெயில் மற்ற நிறங்களைத் தின்றுவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அதுதான் சயான். நீலமும் பச்சையும் சேர்ந்த நிறம்.

கலர் அச்சுக்குப் பொதுவாக நான்கு மைகள்தான்: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. செய்தித்தாளின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்குமே, அவை இந்த மைகள்தான். வெள்ளை ஒளியில் இருக்கும் சிவப்பை சயான் மை விழுங்கிவிடும். மிச்சமுள்ள பச்சையும் நீலமும் நம் கண்ணுக்கு வரும்.

மொபைல் திரையில் கதையே வேறு. அங்கே மை கிடையாது. பச்சை ஒளியும் நீல ஒளியும் சேர்ந்து எரிந்தால் சயான். போனில் பளீரென்று தெரிந்த கல்யாணப் பத்திரிகை டிசைன் அச்சில் மங்கலாக வருவது இதனால்தான். பிரஸ்காரரிடம் கோபப்பட்டுப் பயனில்லை!

சயான் மைக்கு நிறம் தருவது தாலோசயனின் என்ற நிறமி. 1928-ல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில், எனாமல் பூச்சு விரிசல் விட்ட பாத்திரத்தின் இரும்போடு ரசாயனம் கலந்து ஒரு நீலப் பொருள் உண்டானது. யாரும் எதிர்பார்க்காத அழுக்கு அது. இரும்புக்குப் பதில் செம்பு சேர்ந்த அதன் உறவுக்கார நிறமிதான் இன்றைய அச்சு மையில் இருக்கிறது. வெயிலுக்கு அசராது.

ஆனால் வீட்டு ஆல்பத்தில் நடப்பது நேர் எதிர். 1970-களில் எடுத்த கலர் போட்டோக்கள் பல இன்று செம்மண் நிறத்தில் இருக்கின்றன. போட்டோ பேப்பரில் இருப்பது இந்த நிறமி அல்ல, வேறு சாயம். வெயிலே படாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் அந்தக் காலத்து சயான் சாயம்தான் முதலில் போகும். பழைய ஈஸ்ட்மேன்கலர் படச்சுருள்களும் இப்படித்தான் சிவந்தன. 1980-ல் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி இதற்காக கோடாக் நிறுவனத்திடம் குரல் எழுப்பினார்.

சூடும் ஈரமும் இந்த அழிவை வேகப்படுத்தும். ஆகவே பரணில் கிடக்கும் ஆல்பத்தை முதலில் கீழே இறக்குங்கள். சயான் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே ஸ்கேன் செய்தால், தாத்தாவின் வேட்டிக் கரையும் பாட்டியின் பட்டுப்புடவையும் கம்ப்யூட்டரில் ஓரளவு பழைய நிறத்துக்குத் திரும்பும். எடிட் செய்யாத ஸ்கேன் ஒன்றையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.