மே மாதத்து டிக்கெட்



மாசி பிறந்தால் நம் எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, பள்ளி அடைத்ததும் ஊருக்குப் போய் வர வேண்டும், எவ்வளவு பிடிக்கும்? கொழிஞ்சாம்பாறையாயினும் கஞ்சிக்கோடாயினும், மூணாறாயினும் வண்டிப்பெரியாறாயினும் கணக்கு ஒன்றே. கணக்கின் முடிவில் வரும் பெருமூச்சும் ஒன்றே. கார்த்திகை மாதத்தில் ஒரு துக்கத்துக்குப் போய் வந்தபோது ஆன செலவு, பள்ளி விடுமுறையில் அதே ஊருக்கு அதே குடும்பம் போகும்போது ஏன் இவ்வளவு கூடுகிறது என்பது நியாயமான கேள்வி. இவ்விதழில் அதனைச் சற்று ஆராய்வோம்.

டிக்கெட் ஜன்னலின் உட்புறம் அமர்ந்திருக்கும் நமக்கு இக்கேள்வி புதிதன்று. "ஏன் தம்பி, பிள்ளைகளுக்கு லீவு விட்டால் ரயிலுக்கும் விலை ஏறிவிடுமா?" என்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். "இல்லை ஐயா, சாதாரண வண்டியின் கட்டணம் மே மாதத்துக்கென்று ஏறுவதில்லை" என்றோம். அவர் நம்பவில்லை. நாம் கூறியதும் மெய்; அவர் நம்பாததும் நியாயமே. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும் என்பதைத்தான் ஈண்டுக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, இடம் அளவுபட்டது. ரயிலின் பழைய மாதிரிப் படுக்கைப் பெட்டி ஒன்றில் 72 படுக்கைகள். புதிய மாதிரிப் பெட்டியில் 80. ஆடி மாதத்திலும் 72. மே மாதத்திலும் 72. கூட்டம் பெருகிற்றே என்று பெட்டி நீளுவதில்லை. பஸ்ஸும் அப்படியே, மூணாற்று விடுதியும் அப்படியே.

இரண்டாவது, பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டார் நாளை மாற்ற இயலாதவர்கள். வியாபாரி இன்று இடமில்லையென்றால் அடுத்த வாரம் போவார். பள்ளி நாட்காட்டிக்குக் கட்டுப்பட்ட குடும்பம் அவ்வாறு ஒத்திவைக்க முடியாது. விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். காத்திருக்க முடியாதவனிடம் விலை பேசுவது எளிது என்பது சந்தையில் எல்லாரும் அறிந்த பாடம்.

மூன்றாவது, போகும்போது நிறைந்த வண்டி திரும்பும்போது காலியாக வருகிறது. விடுமுறைத் தொடக்கத்தில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். முடிவில் எல்லாரும் ஒரே திசையில் திரும்புகிறார்கள். காலியாக ஓடிய வண்டியின் எண்ணெய்ச் செலவும் ஓட்டுநர் கூலியும் நிறைந்த வண்டியின் டிக்கெட்டிலேயே சேர்கின்றன. வளைகுடா நாடுகளில் பள்ளிகள் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அடைக்கப்படுவதால், அங்குள்ள நம் உறவினர் வரும் விமானத்துக்கு அப்போது ஏறும் விலையும் இவ்வகையினதே.

நான்காவது, சில தொழில்கள் இரண்டு மாதத்தில் சம்பாதித்துப் பன்னிரண்டு மாதம் உண்ண வேண்டியவை. சமவெளி கொதிக்கும்போது மூணாற்றில் அறை கிடைப்பதில்லை; மழைக்காலத்தில் அதே அறைக்கு ஆள் இருப்பதில்லை. விடுதிக்காரர் மே மாதத்தில் கூட்டி வாங்குவதற்கு ஆடி மாதத்து வெற்றறையும் ஒரு காரணம். அவரை வெறும் பேராசைக்காரர் என்று பழிப்பது எளிது. ஆயினும் முழு உண்மையன்று.

நிற்க. எந்தக் கட்டணம் ஏறும், எது ஏறாது என்பதைப் பிரித்தறிதல் குடும்பக் கணக்குக்கு இன்றியமையாதது. ஆம்னி பஸ்ஸுக்குச் சர்க்கார் கட்டணம் வகுப்பதில்லை. ஆதலின் அது ஏறும். விமானக் கட்டணத்தை அந்தந்த நிறுவனமே வகுக்கிறது, அதுவும் ஏறும். ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் 2016 செப்டம்பர் 9 முதல், இடம் விற்க விற்க விலை படிப்படியாகக் கூடும் முறை வந்தது. விடுமுறைக் காலத்துச் சிறப்பு ரயில்களிற் பல, அடிப்படைக் கட்டணத்தின் மேல் ஒரு பங்கு கூட்டி வாங்கும் சிறப்புக் கட்டண வண்டிகள். நம் மக்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் சாதாரண விரைவு வண்டியின் கட்டணமோ நாள் பார்த்து ஏறுவதில்லை.

அப்படியாயின் பெரியவர் ஏன் நம்பவில்லை? அவர் வரும்போது அந்தச் சாதாரண டிக்கெட் தீர்ந்துவிட்டது. விலை ஏறவில்லை, சரக்கு இல்லை. இனி அவருக்கு எஞ்சியவை தட்கல், சிறப்பு ரயில், ஆம்னி பஸ் ஆகிய மூன்றே. முந்தியவனுக்குச் சர்க்கார் விலை, பிந்தியவனுக்குச் சந்தை விலை என்பதே மே மாதத்துச் சூத்திரம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். தாய், தந்தை, பாட்டி, ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஆக ஐவர். 2016 ஏப்ரல் 21க்கு முன்னர், ஐந்து வயது முதல் பன்னிரண்டுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரைக் கட்டணத்திலேயே தனிப் படுக்கை கிடைத்தது. அந்நாள் முதல், தனிப் படுக்கை வேண்டின் முழுக் கட்டணம். பாட்டிக்கு இருந்த மூத்தோர் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆக, ஐவருக்கும் முழுக் கட்டணம். இனித் தட்கல் என்றால், படுக்கை வகுப்பில் தலைக்கு 100 ரூபாய்க்குக் குறையாமலும் 200 ரூபாய்க்கு மேற்படாமலும் கூடுதல் உண்டு. ஐவருக்குப் போக வர 1000 முதல் 2000 ரூபாய் வரை, ஊர் போய்ச் சேர்ந்ததைத் தவிர வேறு பயனின்றிச் செலவாகிறது. தட்கலில் ஒரு டிக்கெட்டுக்கு நால்வரே அடங்குவர். ஐந்தாமவருக்கு வேறு டிக்கெட் எடுக்க வேண்டும். இடம் உறுதியான தட்கலை நாமே ரத்துச் செய்தால் பணமும் திரும்பாது. தினக்கூலியை நம்பிய வீட்டுக்கு இது சிறிய தொகையன்று.

இங்கே ஒரு நியாயம் பேச வேண்டியிருக்கிறது. முந்திக்கொள்பவர் யார்? விடுப்பு எந்நாள் என்று முன்னரே அறிந்தவர். அலுவலகத்தில் பணிபுரியும் நம்மைப் போன்றோர் பிப்ரவரியிலேயே மே மாத விடுப்பைக் குறித்துக்கொள்கிறோம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்க்கும், தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் உழைக்கும் தந்தைக்கும் அந்த வசதி இல்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு என்று வகுத்தது. எத்தனை நாள் என்பது சட்டத்தில் வந்தது. எப்போது என்பது மேலாளர் கையில் நின்றது. கோடை மழை பெய்தால் கொழுந்து பெருகுவதும் அப்பருவத்திலேயே. ஆகவே விடுப்பு கடைசி வாரத்தில் உறுதியாகிறது. கடைசி வாரத்தில் சாதாரண டிக்கெட் இருப்பதில்லை. குறைந்த வருவாய் உடையவரே கூடுதல் விலை கொடுக்க நேர்வது இதனால்தான். விலையேற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் இதனைக் காண்பதில்லை.

இனி, கூட்டத்தைக் கலைத்துவிட்டால் விலை இறங்காதா என்று கேட்பாரும் உளர். பிற நாடுகளில் அவ்வாறு செய்திருக்கிறார்கள். பிரான்சில் குளிர்கால, வசந்தகால விடுமுறைகளுக்காக நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து வெவ்வேறு வாரங்களில் பள்ளிகளை அடைக்கிறார்கள். நெதர்லாந்திலும் வடக்கு, நடு, தெற்கு என மூன்று பகுதிகள். ஜெர்மனியில் கோடை விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு நாளில் தொடங்கும். இங்கிலாந்திலோ பள்ளி நாளில் பிள்ளையை வெளியூர் அழைத்துச் சென்றால் பெற்றோருக்கு அபராதம் விதிக்கலாம். 2015இல் மகளை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்ற வைட் தீவுத் தந்தை ஒருவர் 60 பவுன் அபராதத்தை எதிர்த்து வழக்காடினார். 2017 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். நாம் ஏற்கெனவே இரண்டு மண்டலத்தில் வாழ்கிறோம். நம் பிள்ளைகள் தமிழ்வழிப் பள்ளியில் படித்தாலும் கேரள நாட்காட்டியிலேயே படிக்கிறார்கள். இங்கே ஏப்ரலும் மேயும் விடுமுறை. தமிழ்நாட்டில் ஏப்ரல் தேர்வு முடிந்தபின் ஜூன் தொடங்கும் வரை. இங்கே ஓணத்துக்குப் பத்து நாள். அப்போது அங்கே பள்ளி நடக்கும். அங்கே காலாண்டு விடுமுறை. அப்போது இங்கே பள்ளி நடக்கும். பொங்கலுக்கு இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை உண்டெனினும், ஒரு நாளில் திருநெல்வேலிச் சீமைக்குப் போய்த் திரும்புவது எங்ஙனம்? கூட்டிக் கழித்தால், இருபுறத்துப் பிள்ளைகளும் ஒருசேர ஓய்ந்திருப்பது மே மாதமும் டிசம்பர் கடைசி வாரமுமே.

2025 ஜூலை 31ஆம் தேதி, கேரளக் கல்வியமைச்சர் வி. சிவன்குட்டி, பள்ளி விடுமுறையை ஏப்ரல், மே மாதங்களிலிருந்து மழை பெய்யும் ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று பொதுமக்களின் கருத்தைக் கேட்டார். மழையினால் பள்ளி அடிக்கடி தடைப்படுவதே அவர் கூறிய காரணம். அவ்வாறு மாறினால் நமக்குச் சாதாரண டிக்கெட் எளிதாகக் கிடைக்கக்கூடும். ஆனால் ஊரில் போய் இறங்கும் பிள்ளை யாருடன் விளையாடும்? அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் புத்தகப்பையுடன் பள்ளிக்குப் புறப்பட்டிருப்பார்கள். கோயில் கொடைகளும் கல்யாணங்களும் பெரும்பாலும் முடிந்திருக்கும். மலைப்பாதையில் மண்சரிவு அச்சமும் உண்டு. மலிவாகப் போய்ச் சேர்ந்தும், போன காரியம் பாதி நிறைவேறாமற் போகும்.

ஆகவே நாம் கூறவருவது இதுவே. மே மாதத்தில் விலை ஏறுவது எல்லாரும் ஒரே நாளில் போவதால். நாமும் அந்நாளில் போக விரும்புவது எல்லாரும் அங்கே இருப்பார்கள் என்பதால். இவ்விரண்டும் ஒரே காரணம். உல்லாசப் பிரயாணிக்கு மே மாதம் இல்லாவிடில் செப்டம்பர் உண்டு. தாயாதிகளையும் தாய்மாமனையும் காணப் போகிறவனுக்கு அது இல்லை. நாளை மாற்றிக்கொள் என்ற அறிவுரை நமக்குப் பொருந்தாது. நாளை முன்னதாக அறிந்துகொள் என்பதே பொருந்தும்.

அதற்கு வழியும் உண்டு. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்னரே தொடங்குகிறது. முன்பு ஜனவரியிலேயே முடிவு செய்ய வேண்டியதை இப்போது மார்ச்சில் செய்தால் போதும். விடுப்புத் தேதி தாமதமாக அறிபவருக்கு இது ஓரளவு நன்மையே. மே 1ஆம் தேதிப் பிரயாணத்துக்கு மார்ச் 2ஆம் தேதி காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். மே 28ஆம் தேதி திரும்புவதற்கு மார்ச் 29ஆம் தேதி. பிள்ளைகளுக்குத் தேர்வு மாதமாகிய மார்ச், பெற்றோருக்கு டிக்கெட் மாதம் என்று நினைவிற் கொள்க. திரும்பும் டிக்கெட்டை மறந்துவிட்டுப் போகிற டிக்கெட்டை மட்டும் எடுப்போர் மிகப் பலர்.

முன்பதிவு கிட்டாதவர் பகல் வண்டியையும் சர்க்கார் பஸ்ஸையும் எண்ணிப் பார்க்கலாம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, மதுரை வழியாகத் திருச்செந்தூர் செல்லும் வண்டி உண்டு. செங்கோட்டை, தென்காசி வழியாகச் செல்லும் பாலருவி விரைவு வண்டி 2024 ஆகஸ்டு முதல் தூத்துக்குடி வரை ஓடுகிறது. முன்பதிவில்லாப் பெட்டியில் பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம் இன்றும் உண்டு. ரயில் இல்லாத இடுக்கி அன்பர்கள், போடிமெட்டு வழியே பஸ்ஸில் இறங்கினால் போடிநாயக்கனூரில் ரயில் ஏறலாம். 2010ஆம் ஆண்டின் இறுதியில் அடைக்கப்பட்ட அப்பாதை, 2023 ஜூன் 15ஆம் தேதி மீண்டும் போடி வரை திறக்கப்பட்டது.

தனி மனிதர் செய்யக்கூடியது இவ்வளவே. எஞ்சியது சங்கத்தின் வேலை. மே மாத விடுப்புப் பட்டியலைப் பிப்ரவரி முடிவுக்குள் ஒட்டுமாறு தோட்ட நிர்வாகங்களையும் தொழிற்சாலைகளையும் கேட்பது ஒன்று. விடுமுறைச் சிறப்பு ரயில்களைச் சாதாரணக் கட்டணத்தில், முன்பதிவில்லாப் பெட்டிகளுடன் விடுமாறு விண்ணப்பம் செய்வது மற்றொன்று. பள்ளி விடுமுறையை மாற்றுவது பற்றிக் கருத்துக் கேட்கும்போது, எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைகளின் உறவு நாட்கள் கெடாதிருக்க வேண்டும் என்று எழுதித் தருவது மூன்றாவது. இம்மூன்றிலும் யாரையும் பகைக்க வேண்டியதில்லை, பணச்செலவும் அதிகமில்லை. அடுத்த பொதுக்குழுவில் அன்பர்கள் இவற்றை எடுத்துப் பேசுவார்களாக. அதற்கிடையில், வீட்டு நாட்காட்டியில் மார்ச் மாதத் தாளைப் புரட்டித் தேதியைச் சுழித்து வைப்பது தாய்மார்களின் பொறுப்பு; நினைவூட்டுவது பிள்ளைகளின் பொறுப்பு.